எங்கள் பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் எங்களிடம் கேளுங்கள்: தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் காவிரி டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில் வக்கீல். நோட்டரியாகவும் இருக்கிறேன். சர்க்கரை, சிறுநீரகம், இருதயம், நுரையீரல், புற்றுநோய், மறதி நோய் என்று ஒரே நோயாளியை வருஷக்கணக்கில் பார்த்துவருகிற டாக்டர்களுக்காகத்தான் இந்த மடல். ஐசியூ டாக்டர்களிடம் எனக்குப் புகார் இல்லை. நோயாளி அவர்கள் கைக்கு வந்து சேரும்போது, கேட்கவேண்டிய ஆள் வாய் திறக்க முடியாத நிலையில் இருப்பார். அதற்கு முன்பு அவர் உங்கள் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை மாற்றிக்கொண்டு, "மூணு மாசம் கழிச்சு வர்றேன் சார்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தடவைகளில் ஒன்றில் அவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

"நாளைக்கு உங்களால பேச முடியாம போயிட்டா, உங்களுக்காக யார் பேசணும்? சிகிச்சையை எதுவரைக்கும் செய்யணும்?"

இதை நீங்கள் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள், யாரிடம் கேட்பார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஐசியூ வாசலில், நள்ளிரவு தாண்டி, பச்சை உடுப்போடு வெளியே வரும் ஒரு இளம் டாக்டர், "ட்யூப் போடணும், சீக்கிரம் சொல்லுங்க" என்று பிள்ளைகளிடம் கேட்பார். பெரியவன் சின்னவனைப் பார்ப்பான். மகள் அழுவாள். வேண்டாம் என்று சொன்னவன் அப்பாவைக் கொன்றவன் என்ற பேச்சுக்கு ஆளாவான். அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "போடுங்க டாக்டர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அது அன்பால் மட்டும் வருகிற பதில் இல்லை. பயத்தாலும், ஊர் என்ன சொல்லுமோ என்பதாலும் வருவது. ஐம்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருப்பார், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்து இறங்கி, இதுவரை எடுத்த முடிவையெல்லாம் முதலிலிருந்து விசாரிப்பார்.

அப்புறம் என்ன நடக்கிறது? சில வீடுகளில் பணம்தான் முடிவெடுக்கிறது. நகை போகும், அடுத்து நிலத்தின் மேல் கடன். அதற்கு மேல் முடியாது என்றானதும், "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பையன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே வருவான். வீட்டுத் திண்ணையில் கிடத்தி, சொந்தக்காரர்கள் வாயில் பால் ஊற்றியதும் குழாயை உருவுவார்கள். மருத்துவக் குழுவோ, வலிக்கு மருந்தோ, மூச்சுத் திணறலைத் தணிக்க ஒரு நர்ஸோ அங்கே இருக்க மாட்டார்கள். சிகிச்சையை நிறுத்துவது நம் ஊரில் நடக்காத விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நடக்கிறது. காகிதத்தில் மட்டும் அது வேறு பெயரில் இருக்கிறது. நோயாளி என்ன நினைத்தார் என்பது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காமன் காஸ் என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மானத்தோடு சாவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம், தேறுவதற்கு வழியே இல்லாத கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அதைத்தான் லிவிங் வில் என்கிறோம். ஆனால் அன்று வகுத்த நடைமுறை தலையைச் சுற்ற வைத்தது. எழுதிய பத்திரத்தில் முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் எதிர்க் கையெழுத்துப் போடவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு குழு கூட வேண்டும், அப்புறம் கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு, கடைசியில் மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். ஜாமீன் மனுவுக்கே நாள் கிடைக்காத கோர்ட்டில் பிழைப்பு நடத்துகிறவன் நான். இது எப்படி நடக்கும் என்று அன்றே தோன்றியது.

2023 ஜனவரி 24-இல் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அதை எளிமையாக்கியது. இப்போது பதினெட்டு வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள யாரும் இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ அட்டெஸ்ட் வாங்கினால் போதும். சாட்சிகள் வெளியாட்களாக இருந்தால் நல்லது. தன் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்ட பெயர்களை எழுதலாம். சப்-ரிஜிஸ்தார் ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பத்திரத்துக்கு வேலை வரும்போது, சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழுவாகப் பார்ப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரோடு வேறு இரண்டு நிபுணர்கள் சேர்ந்தது இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்திரத்தில் பெயர் உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். மாஜிஸ்திரேட் நேரில் வரவேண்டாம், தகவல் கொடுத்தால் போதும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒன்றும் எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே குழுக்கள் வழியாக முடிவெடுக்க இடம் இருக்கிறது. இருந்தாலும், அவர் என்ன விரும்பியிருப்பார் என்று அப்போது மற்றவர்கள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்னிடம் வருகிறவர்களில் பலர், "உயில் எழுதியாச்சு வக்கீல் சார், பவரும் கொடுத்தாச்சு" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். தென்கிழக்கு மூலையில் நிற்கும் தென்னை யாருக்கு என்பதுவரை எழுதியிருப்பார்கள். இரண்டும் ஐசியூ வாசலில் ஒரு பிரயோஜனமும் இல்லாதவை. உயிலுக்கு உயிர் வருவதே எழுதியவர் போன பிறகுதான். பவர் பத்திரம் அதைவிட மோசம். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவின்படி பவர் முடிந்துவிடும். எந்த நேரத்தில் தேவையோ அந்த நேரத்தில் கைவிட்டுவிடும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அதை மாற்றி அவரைக் காப்பாளராக நியமித்தது. புருஷன் வைத்தியத்துக்குப் புருஷன் சொத்தை விற்க உயர் நீதிமன்றம் வரை போகவேண்டிய நாடு இது. சொத்துக்கே இப்படியென்றால் உடம்புக்கு யார் பேசுவது என்பதை முன்கூட்டியே எழுதாமல் விடலாமா?

அருணா ஷான்பாக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே வேலை செய்த ஒருவனின் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி போட்ட வழக்கில் 2011-இல் தீர்ப்பு வந்தது. எல்லாரும் அதில் கருணைக்கொலை பற்றிச் சொன்னதைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறொன்று. அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பதே அங்கே ஒரு வழக்காக இருந்தது. புத்தகம் எழுதி, கோர்ட் வரை வந்தவருக்கா, தினமும் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட நர்ஸ்களுக்கா? கே.இ.எம். ஊழியர்களுக்குத்தான் என்றது நீதிமன்றம். அவர்கள் அருணா வாழட்டும் என்றார்கள், மனு தள்ளுபடியானது. இரண்டு தரப்பிலும் நல்ல மனிதர்கள்தான். அருணா என்ன சொல்லியிருப்பார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டுவைக்க அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. உங்கள் முன்னால் உட்காரும் எழுபது வயது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு, ஏற்கெனவே ஒரு தடவை வெண்டிலேட்டரில் இருந்து மீண்டவருக்கு, அந்தச் சமாதானமும் கிடையாது.

நீங்கள் தயங்குவதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. "இவர் என்ன, சாவைப் பற்றிப் பேசுகிறார், கைராசி இல்லாத டாக்டர்" என்று நோயாளி வேறு இடம் போய்விடுவார் என்ற பயம் இருக்கலாம். மகன் சண்டைக்கு வருவான் என்ற பயமும் இருக்கலாம். ஆனால் இதைவிடக் கஷ்டமான கேள்வியைக் கேட்கப் பழகிய மாநிலம் நம்முடையது. 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும், உடம்பு இன்னும் சூடாக இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் தாயிடம், "உறுப்புகளைத் தருகிறீர்களா" என்று கேட்க ஆட்களைப் பழக்கினோம். முதலில் எல்லாரும் பயந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டபோது ஜனங்கள் கொடுத்தார்கள். 2023-இலிருந்து உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. மூளைச்சாவு என்றால் என்ன என்று டீக்கடையில்கூடத் தெரிகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தவர்களுக்கு, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும் நோயாளியிடம் அவர் விருப்பத்தைக் கேட்பதா முடியாது?

இன்னொரு தயக்கம் உண்டு, அது நியாயமானது. விருதுநகர், மதுரைப் பக்கம் 'தலைக்கு ஊற்றுவது' பற்றி எல்லாருக்கும் தெரியும். படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவார்கள். அது கொலை. இப்படி ஒரு பழக்கம் இருக்கும் மண்ணில் லிவிங் வில் என்பது பிள்ளைகள் கையில் இன்னொரு ஆயுதம் ஆகிவிடாதா? என்னையும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: தலைக்கு ஊற்றும்போது பெரியவரை யாரும் கேட்பதில்லை, அதுதான் அதன் அடிப்படையே. லிவிங் வில்லில் அவரைத் தவிர வேறு யாரும் பேச முடியாது. பிள்ளை எழுதித் தர முடியாது. இரண்டு குழுக்கள் பார்க்காமல் நடக்காது. போதாததற்கு, "எனக்கு எல்லாச் சிகிச்சையும் செய்யுங்கள், கடைசிவரை விடாதீர்கள்" என்றும் அதில் எழுதலாம். அப்படி எழுதியவர்களும் என்னிடம் உண்டு. ஒரு அம்மா, "பேத்தி கல்யாணம் வரைக்கும் என்ன வேணாலும் பண்ணட்டும், அதுக்கப்புறம் குழாய் கிழாய் வேண்டாம்" என்றார். அதையும் எழுதத்தான் செய்தேன், கொஞ்சம் சட்ட பாஷையில்.

ஆனால் ஒன்று. நோட்டரி முன்னால் வரும்போது மகன் பேசி, அப்பா தலையாட்டினால் நான் மகனை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் மகனைத்தான் தனியே கூப்பிடுகிறார்கள். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்." நீங்களும் சரி என்று விடுகிறீர்கள். அறுவடையில் நஷ்டம், மனைவியின் சாவு, மகள் வாழாமல் திரும்பி வந்தது எல்லாவற்றையும் தாங்கிய மனிதர் தன் உடம்பைப் பற்றிய செய்தியை மட்டும் தாங்க மாட்டாராம். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் பிள்ளை கஷ்டப்படுவான் என்று அவரும் நடிக்கிறார். என்ன நோய் என்றே சொல்லப்படாத ஒருவர் எதைப் பற்றி விருப்பம் எழுதுவது?

மறதி நோய்க்கு இது இன்னும் அவசரம். டிமென்ஷியா என்று நீங்கள் சந்தேகப்படும் நாளில் அந்த அம்மாவுக்கு அடுப்பை அணைக்க மறந்துபோயிருக்கும், ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல முடியும். இன்னும் கொஞ்ச காலம் போனால் அவர் போடும் கையெழுத்தை நானே ஏற்க முடியாது. சாப்பாட்டுக்குழாய் போடலாமா, அடிக்கடி நிமோனியா வந்தால் ஒவ்வொரு தடவையும் ஐசியூவுக்குக் கொண்டுபோகலாமா என்பவை அந்த நோயில் கடைசியில் வந்தே தீரும் கேள்விகள். நோயின் பெயரைச் சொல்லும் அன்றே, அல்லது அடுத்த முறை வரும்போதே, கேட்டுவிடுங்கள். சிறுநீரக நோயாளியிடம் டயாலிசிஸ் தொடங்கும் முன்பு கேளுங்கள். எப்போது நிறுத்தலாம் என்ற பேச்சே இல்லாமல் தொடங்குவதால்தான், நிறுத்துவது பிறகு பாவமாகத் தெரிகிறது.

(மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்னறிவுறுத்தல் தனிக் கணக்கு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் அது வருகிறது. அதையும் இதையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.)

எழுதிய தாள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தால் பயன் இல்லை. ஒரு நகலைக் குடும்ப டாக்டருக்கும், இன்னொன்றை உள்ளாட்சியில் இதற்கென்று பொறுப்புள்ள அதிகாரிக்கும் கொடுக்க வேண்டும். விரும்பினால் டிஜிட்டல் மருத்துவப் பதிவில் சேர்க்கலாம். மகாராஷ்டிரத்தில் டாக்டர் நிகில் தாதர் உயர் நீதிமன்றம் போய்ப் போராடிய பிறகு இந்தப் பொறுப்பு அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். கோவாவில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தானே 2024 மே மாதம் தன் லிவிங் வில்லைப் பதிந்து தொடங்கி வைத்தார். கர்நாடகம் 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. நான் அட்டெஸ்ட் செய்து அனுப்பிய ஒருவர் தன் ஊர் அலுவலகத்தில் நகலை நீட்டியபோது, "இது வீட்டு வரிக்கா, தண்ணி வரிக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதை நான் அரசிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். நோயாளியின் ஃபைலில் முதல் பக்கத்தில், ரத்த வகையும் அலர்ஜியும் எழுதும் இடத்துக்குக் கீழே, 'பேச வேண்டியவர்' என்று ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். முழுப் பத்திரம் அப்புறம் வரட்டும். அந்தப் பெயர் மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நடு மகளாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ரிடையர்ட் வாத்தியாராகவும் இருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் கெசட்டட் அதிகாரிகள். மார்க் ஷீட்டுக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டே கை ஓய்ந்தவர்கள். இந்தப் பத்திரத்தையும் நீங்களே அட்டெஸ்ட் செய்ய முடியும். சிகிச்சை தரும் டாக்டர் போடாமல், பக்கத்து அறை டாக்டர் போட்டால் பின்னால் கேள்வி வராது. நோட்டரிக்குக் கொடுக்கும் காசு ஏழைக்கு மிச்சம். என் பிழைப்பில் நானே மண்ணள்ளிப் போடுகிறேன், பரவாயில்லை.

கடைசியாக, எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் நோயாளியும் இருப்பார். "அதெல்லாம் என் பையன் பாத்துப்பான்" என்பார். அது அவருடைய முடிவு, அதையும் மதிக்க வேண்டும். அப்போது அந்தப் பையனைக் கூப்பிட்டு, அப்பா முன்னாலேயே, "எல்லாம் நீங்க பாத்துப்பீங்கன்னு அப்பா சொல்றாரு, அவருக்கு எது பிடிக்கும் எது பிடிக்காதுன்னு இப்பவே கேட்டுக்கங்க" என்று சொல்லுங்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதற்குள் முடிகிற பேச்சுதான்.

இப்படிக்கு,
ஒரு நோட்டரி வழக்கறிஞர்